மஞ்சள் சுடர் எரியும் கீசரில் குளிக்காதீர்கள்
நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பழைய கேஸ் கீசரில் தண்ணீர் முன்புபோல் சூடாவதில்லை, சுடரும் மஞ்சளாக எரிகிறது. உப்பு பிடித்திருக்கும் என்கிறார் மெக்கானிக். புதிது வாங்க வேண்டுமா? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: உங்கள் கீசரில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, மெக்கானிக் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார். சுடருக்கு மேலே இருந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் செம்புப் பகுதிதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதன் குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறது. வெளியே, மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியாக எரிந்த புகை மேலேறுகிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு குழாய்க்குள் படிந்தால் நீர்வரத்து குறையும், சூடு ஏறாது, உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்கும். மஞ்சள் சுடருக்கோ காற்றுப் பற்றாக்குறையே காரணம். பர்னரில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது தகடுகளுக்கிடையே கரி அடைத்துப் புகை வெளியேற வழியில்லாமல் இருக்கலாம். எதுவானாலும் அங்கே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும்.

கரி மட்டும் என்றால் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். செம்பில் பச்சைக் கறை படிந்து தண்ணீர் சொட்டினால் எக்ஸ்சேஞ்சரை மாற்றிவிடுங்கள். வீரியமான ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். உப்போடு செம்பையும் அது அரித்துவிடும். போர் தண்ணீருக்கு ஏற்றது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட கீசர், அப்படியொரு கழுவலுக்குப் பிறகுதான் ஓட்டை விழுந்து ஒழுகியது. சுடர் நீலமாகும் வரை உங்கள் கீசரைப் பற்றவைக்க வேண்டாம்.

கேள்வி: சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வருவதுபோல் கார்பன் மோனாக்சைடுக்கும் வருமா? – வாசகி, மேலூர்

பதில்: வராது. சமையல் வாயுவில் நாற்றத்துக்கென்றே ஒரு பொருளைக் கலக்கிறார்கள். எரிந்து உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேள்வி: குளிக்கச் சென்ற மகள் மயங்கி விழுந்தாள், கதவை உடைத்துக் காப்பாற்றினோம். கீசரைக் குளியலறைக்குள் மாட்டியது கடை அனுப்பிய ஆள்தான். சாப்பிடாமல் குளித்திருப்பாள் என்கிறது கடை. – தந்தை, வில்லாபுரம்

பதில்: பெண் பிழைத்தது பெரிய ஆறுதல். கடைக்காரரின் அந்தப் பதிலை மன்னிக்க முடியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாகக் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம் என்று அது வரும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போதும் எல்லாம் சரியென்றே காட்டும். ஆகவே மருத்துவமனைக் குறிப்புகளையும், ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

பல ஆண்டுகளாக நான் எழுதி வருவதை இங்கே மறுபடியும் எழுதுகிறேன். புகைபோக்கி இல்லாத கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. நம் வீடுகளில் குளியலறை இருவர் நிற்க இடமில்லாத அளவில் இருக்கிறது. இருக்கும் ஒரே வென்டிலேட்டரையும் மார்கழிக் குளிருக்குத் தெர்மாகோல் வைத்து அடைத்துவிடுகிறோம். அந்த இடத்தில் எரியும் சுடர் குளிப்பவர் மூச்சுவிட வேண்டிய காற்றையே தின்கிறது. நல்ல நிலையிலுள்ள எக்ஸ்சேஞ்சர்கூட அங்கே காப்பாற்றாது. கீசரை வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுசெல்வதற்குச் சில அடி குழாயும் அரை நாள் வேலையும்தான் கூடுதல். அந்தச் செலவைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்று அஞ்சி, ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறார்கள். விற்பவருக்கு இது தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கீசர் மாட்டியிருக்கும் நிலையைக் கழற்றும் முன் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடை, தயாரிப்பாளர் இருவருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: விலை குறையும் என்று பில் இல்லாமல் வாங்கிய கீசர் ஒழுகுகிறது. கடைக்காரர் என்னைத் தெரியாது என்கிறார். – வாசகர், திருமங்கலம்

பதில்: பில்லை நீங்களே வேண்டாமென்று சொல்லிவிட்டு வாரண்டி கேட்டால் யார் தருவார்? ஆன்லைனில் பணம் செலுத்தியிருந்தால் அந்த விவரத்தோடு போய்ப் பேசுங்கள். இதே கேள்வி எனக்கு ஒவ்வொரு மாதமும் வருகிறது.

கேள்வி: சிகாகோவிலுள்ள மகன் வீட்டில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விழுந்துவிட்டது, முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறாராம் சர்வீஸுக்கு வந்தவர். உண்மையாக இருக்குமா? – தாய், அண்ணாநகர்

பதில்: இருக்கலாம் அம்மா; ஆனால் வாய்வார்த்தையை ஏற்க வேண்டாம். அந்த ஊர் ஃபர்னஸில் எரிந்த புகை உலோக அறைக்குள்ளும், வீட்டுக்குள் அனுப்பும் காற்று அதற்கு வெளியேயும் ஓடுகின்றன; விரிசல் விழுந்தால் இரண்டும் கலக்கலாம். ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறுவதாலும், ஃபில்டர் அடைத்து அளவுக்கு மீறிக் காய்வதாலும் அந்த உலோகத்தில் விரிசல் விழும். விசிறி ஓடத் தொடங்கியதும் சுடர் ஆடினாலோ, கரி படிந்தாலோ சந்தேகிக்க வேண்டும். விரிசலைக் கேமராவில் காட்டச் சொல்லட்டும். விற்பனையில் ஆதாயம் இல்லாத வேறொருவரிடமும் காட்டட்டும். வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துக் கேட்கட்டும், ஏனெனில் மற்ற பாகங்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் எக்ஸ்சேஞ்சருக்கு மட்டும் நீடிப்பது வழக்கம். கூலி மட்டும் அதில் சேராமல் இருக்கலாம். முடிவு தெரியும் வரை ஃபர்னஸை நிறுத்தி வைக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறைக்கு அருகே இருக்கிறதா என்று இன்றிரவே போனில் கேளுங்கள்.