நாடாளுமன்ற வேலைக்கு நான்கு லட்சம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தங்கை எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு இரண்டு வருடமாகத் தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டெல்லியில் தனக்கு ஒரு எம்.பி.யைத் தெரியும், நாடாளுமன்றத்திலேயே அசிஸ்டென்ட் வேலை வாங்கித் தருகிறேன், நான்கு லட்சம் ஆகும், முன்பணம் ஒரு லட்சம் என்கிறார். வயலை அடகு வைக்கலாமா என்று அப்பா யோசிக்கிறார். நாடாளுமன்ற வேலைக்கென்று ஒரு தேர்வு இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியானால் எம்.பி. சிபாரிசில்தானே ஆள் எடுப்பார்கள்?

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள தம்பி,

பணம் கொடுக்காதீர்கள். இதை இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

தேர்வு இருக்கிறது. மக்களவைக்கு ஒரு செயலகம், மாநிலங்களவைக்கு ஒரு செயலகம், இரண்டும் தனித்தனி. தங்களுக்கு வேண்டிய ஆட்களை அவை தாங்களே விளம்பரம் கொடுத்துத் தேர்வு வைத்து எடுத்துக்கொள்கின்றன. மக்களவைச் செயலகத்தில் இதற்காகவே கூட்டு ஆள்சேர்ப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. நம் சென்னைச் சட்டமன்றச் செயலகத்தின் உதவியாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துவதால் டெல்லியிலும் யுபிஎஸ்சியோ எஸ்எஸ்சியோதான் நடத்தும் என்று நினைத்துவிடுகிறோம், அங்கே காணவில்லை என்றதும் சிபாரிசுதான் போல என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

ஏன் இப்படித் தனியாக வைத்தார்கள் என்பது தெரிந்தால் உங்கள் ஊர்க்காரர் சொல்வது எவ்வளவு பொய் என்று புரியும். வெள்ளைக்காரன் காலத்தில் மத்திய சட்டசபையின் அலுவலர்கள் அரசாங்கத்தின் ஆட்கள். சபையில் அரசைக் கேள்வி கேட்கும் உறுப்பினரின் நோட்டீஸை வாங்கிப் பார்ப்பவர், சபைத் தலைவருக்கு விதி என்ன என்று எடுத்துச் சொல்பவர், எல்லாரும் அந்த அரசின் கீழேயே சம்பளமும் பதவி உயர்வும் வாங்குகிறவர்கள். அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியத் தலைவரான விட்டல்பாய் படேல் இதை ஏற்கவில்லை. 1928 செப்டம்பரில் மோதிலால் நேரு தீர்மானம் கொண்டுவந்தார், 1929 ஜனவரி 10 அன்று சபைக்கென்று தனித் துறை பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 98ஆவது பிரிவு ஒவ்வொரு அவைக்கும் தனி அலுவலர்கள் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது. மக்களவைச் செயலகத்துக்கான பணி விதிகள் 1955லும் மாநிலங்களவைச் செயலகத்துக்கு 1957லும் வந்தன. இன்று ஒரு அமைச்சகத்தின் செலவை எம்.பி.க்கள் அடங்கிய பொதுக்கணக்குக் குழு தோண்டும்போது குழுவுக்கு உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொடுப்பது இந்தச் செயலக ஊழியர்கள்தான். அவர்களுடைய வேலை அந்த அமைச்சகத்தின் கையில் இருந்தால் என்ன குறிப்பு எழுதுவார்கள், யோசித்துப் பாருங்கள். ஒரு எம்.பி. கைகாட்டும் ஆளை உள்ளே விட்டாலும் கதி அதேதான். அந்த எம்.பி.யின் எதிர்க்கட்சிக்காரருக்கும் இவர்தானே நாளைக்கு வேலை செய்ய வேண்டும்?

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை, அது வெளியே தெரிவதில்லை. வருடா வருடம் அறிவிப்பு வராது. இடம் காலியாகும்போது வரும், சில பதவிகளுக்குப் பல வருடங்கள் வராமலேயே இருக்கும். நம் ஊர்க் கோச்சிங் சென்டர்கள் இதைச் சொல்லிக்கொடுப்பதும் அரிது. நான்கு லட்சம் கேட்கிறவர்கள் பிழைப்பது இந்த இருட்டில்தான். மக்களவையின் இணையதளமும் மத்திய அரசின் வேலைவாய்ப்பு வார இதழான எம்ப்ளாய்மென்ட் நியூஸும் தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகம் ஒவ்வொன்றிலும் பேசப்பட வேண்டியவை என்று எனக்குத் தோன்றுகிறது. செயலகமும் மாநில மொழிகளில் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஊர்க்காரர் பேச்சில் ஒரு கால்பங்கு உண்மை இருக்கலாம். எம்.பி.க்களுக்குச் சொந்த உதவியாளர் வைத்துக்கொள்ளத் தனியாகப் படி உண்டு. 2018இல் அதை மாதம் 40,000 ரூபாய் ஆக்கினார்கள், அப்புறமும் கூட்டியிருக்கிறார்கள். அந்த ஆளை எம்.பி.யே தேர்ந்தெடுப்பார், விளம்பரமும் கிடையாது தேர்வும் கிடையாது. அது செயலக வேலை அல்ல, நிரந்தரமும் அல்ல, அடுத்த தேர்தலில் அவர் தோற்றால் போயிற்று. 543 மக்களவை உறுப்பினர்களின் அலுவலகங்கள் இப்படித் தெரிந்தவர் வழியாகவே நிரம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த ‘தெரிந்தவர்’ எங்கே இருக்கிறார்? பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு 2010 வாக்கில் தொடங்கிய லேம்ப் ஃபெலோஷிப் ஒன்றுதான் எனக்குத் தெரிந்து இதற்கு நேர்வழி. இளம் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு எம்.பி.யுடன் சேர்த்துவிடுகிறார்கள், உதவித்தொகையும் தருகிறார்கள். அதற்கும் யாருக்கும் லஞ்சம் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, தங்கை விஷயத்துக்கு வருகிறேன். செயலகத்தில் எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட், ஆய்வு உதவியாளர், மொழிபெயர்ப்பாளர், நூலகப் பணி என்று பல வகை உண்டு. அவையில் பேசுவதைச் சொல் விடாமல் எழுதும் ரிப்போர்ட்டர் வேலைக்கு நிமிடத்துக்கு 160 சொல் வேகத்தில் சுருக்கெழுத்து கேட்பார்கள், அது பல வருடப் பயிற்சி. ஆனால் ஆங்கிலம் படித்த, தமிழ் நன்றாக வரும் பெண்ணுக்கு நான் சொல்வது உரைபெயர்ப்பாளர் வேலை. நம் எம்.பி. தமிழில் எழுந்து பேசும்போது கண்ணாடி அறைக்குள் இருந்து அதே மூச்சில் ஆங்கிலத்தில் சொல்கிற வேலை. மாநிலங்களவையில் 2018 முதல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இந்த வசதி வந்துவிட்டது, மக்களவையும் 2025இல் 22 மொழிகளையும் எட்டிவிட்டது. ஒப்பந்த முறையிலும் இதற்கு ஆள் எடுப்பதுண்டு, அறிவிப்பில் அதைக் கவனித்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்று இரவே அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நாடாளுமன்றத்தின் சேனலான சன்சத் டிவியின் யூடியூப் பக்கத்தில் ஒரு தமிழ்நாட்டு எம்.பி. தமிழில் பேசும் காணொளியைப் போட்டு, நிறுத்தாமல், ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் கூடவே சொல்லிக்கொண்டு வரட்டும், அதைப் போனில் பதிவுசெய்யுங்கள். முதல் தடவை நிச்சயம் தடுமாறுவாள். முப்பது நாள் கழித்து இன்னொன்றைப் பதிவுசெய்து, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.