இலக்கணம் தெரிந்தும் பேச்சு வராத மாணவர்கள்

கேள்வி: வேலைக்குச் செல்லும் பெரியவர்களுக்கு ஆங்கில உரையாடல் வகுப்பு நடத்துகிறேன். ஓரளவு பிழையின்றி எழுதுகிறார்கள். ஆனால் பேசச் சொன்னால் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். பேசும்போதே அவர்களுடைய பிழைகளைத் திருத்த வேண்டுமா?

பதில்: திருத்துவதற்கு முன்பாக, அவர்கள் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். விடை ஏற்கெனவே தெரிந்த ஒருவர் கேட்கும் கேள்விக்குத் தாய்மொழியில்கூட யாரும் நீட்டிப் பதில் சொல்வதில்லை. ஒரு பயண அட்டவணையின் பாதியை ஒருவரிடமும் மறுபாதியை இன்னொருவரிடமும் கொடுத்து, தாளைக் காட்டாமல் இருவரும் ஒரு பயணத்தைத் திட்டமிடச் செய்தால், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் பிறந்துவிடும்.

அடுத்தது வேகம். எழுதுபவர் நிறுத்தி, அடித்து, மீண்டும் எழுதலாம். பேசுபவருக்கு அந்த அவகாசம் இல்லாததால், தெரிந்த இலக்கணமும் உரிய நேரத்தில் கைகொடுப்பதில்லை. இதற்கு நான் பெரிதும் நம்பும் பயிற்சி, 1983இல் கீத் மாரிஸ் என்ற ஆங்கில ஆசிரியர் விவரித்து, பின்னர் மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் ஆராய்ந்து பரவலாக்கிய 4/3/2 முறை. மாணவர் தமக்கு நன்கு பழக்கமான ஒரு பொருளைப் பற்றி, தம் அன்றாடப் பணியைப் பற்றியே ஆகட்டும், ஒருவரிடம் 4 நிமிடம் பேசுகிறார். அதே செய்தியை வேறொருவரிடம் 3 நிமிடத்திலும், மூன்றாமவரிடம் 2 நிமிடத்திலும் சொல்கிறார். சொல்ல வேண்டியது முதல் சுற்றிலேயே தெளிவாகிவிடுவதால், அடுத்த சுற்றுகளில் மனம் முழுவதும் மொழியின் பக்கம் திரும்புகிறது. கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சலிப்பும் தட்டுவதில்லை. தொடக்க நிலையினருக்கு 3, 2, 1 நிமிடங்களே போதும். பேசத் தொடங்குமுன் குறிப்பெடுக்கச் சில நிமிடங்கள் கொடுங்கள். ஆனால் முழு வாக்கியங்களை எழுத விடாதீர்கள், எழுதினால் அதையே வாசித்துவிடுவார்கள்.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு: முதல் சுற்றில் செய்த பிழையே மூன்றாம் சுற்றிலும் திரும்ப வரும். ஆகவே திருத்தத்துக்கு உரிய இடம் இரு சுற்றுகளுக்கு நடுவில்தான். பேசும்போது குறுக்கிடாமல் குறித்துக்கொண்டு, பலருக்கும் பொதுவான மூன்று நான்கு பிழைகளை மட்டும், யாருடையவை என்று சொல்லாமல் பலகையில் எழுதி, மாணவர்களையே சரிசெய்யச் சொல்லுங்கள். பொருளே விளங்காதபோது மட்டும் இடையில் நிறுத்தலாம்.

சரியான வடிவத்தை ஆசிரியரே உடனே சொல்லிவிடுவது எளிதுதான். ஆனால் பயன் குறைவு. மொழி கற்றல் ஆய்வாளர்கள் லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்ட முறை இதுவே; மாணவர்கள் மிகக் குறைவாக எதிர்வினையாற்றியதும் இதற்கே. அவர்கள் ஆராய்ந்தவை கனடாவில் சிறுவர்கள் பிரெஞ்சு கற்ற வகுப்புகள் என்றாலும், பெரியவர்களும் அத்தகைய திருத்தத்தை ஆசிரியர் ஆமோதித்துத் தலையாட்டியதாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

இதற்குப் பிறகும் வாய் திறக்கத் தயங்குபவரை முதல் சுற்றில் கேட்பவராக அமர்த்துங்கள். அவர் பேசும் முறை வரும்போது, பிறரிடம் கேட்ட இரண்டு மூன்று தொடர்களாவது கைவசம் இருக்கும்.