ஒன்பது கோல் வாங்கிய ராத்திரியிலிருந்து தூக்கமில்லை

அக்கா, வணக்கம்.

எனக்கு 34 வயது. கழுகுமலைப் பக்கம் ஒரு ஊர், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிடித்த ஹாக்கி ஸ்டிக்கை இன்னும் விடவில்லை, ஊர் கிளப்புக்கு 12 வருஷமாக நான்தான் கோல்கீப்பர். போன மாதம் கோவில்பட்டியில் செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானத்தில் ஒரு கிளப் மேட்ச், 9-0 என்று தோற்றோம். நாங்கள் கரிசல் தரையில் ஆடிப் பழகியவர்கள், பந்து எகிறி எகிறித்தான் வரும். அங்கே தண்ணீர் தெளித்த டர்ஃபில் வழுக்கிக்கொண்டு வந்து, நான் காலை நகர்த்துவதற்குள் கோல் பலகையில் 'டங்'கென்று அடித்தது. அந்தச் சத்தம்தான் இப்போதும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது.

அப்புறம் ஒன்பது கோலும் வரிசையாக ஓடும். மூன்று பெனால்டி கார்னரில் போனவை, இரண்டு ரீபவுண்டு, ஏழாவது காலுக்கு நடுவில் போனது, அதைச் சின்னப் பிள்ளைகூடத் தடுத்திருக்கும். வேனில் ஏறும்போது, என்னோடு ஒன்றாகப் படித்தவன், நடுக்களத்தில் ஆடும் எங்கள் சென்டர் ஹாஃப், "கோல்ல ஆளே நிக்காத மாதிரில்லா இருந்துச்சு" என்றான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். டீக்கடைப் பக்கமும் போவதில்லை. "விளையாட்டுக்குப் போயா இப்படி" என்கிறாள் மனைவி. நாலாம் வகுப்புப் படிக்கும் மகனும் அன்று வந்திருந்தான், என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. காலில் கட்டும் பேட் வைத்த பை மூலையில் போட்டபடியே கிடக்கிறது. எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டு விளையாட்டையே விட்டுவிடலாமா?

— ஒரு கோல்கீப்பர்

தம்பி,

"விளையாட்டுக்குப் போயா" என்று நான் கேட்க மாட்டேன். 12 வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த இடத்தில் அடி விழுந்தால் வலிக்கத்தான் செய்யும்.

அவமானப்பட்ட சம்பவத்தை மனசு திரும்பத் திரும்ப ஓட்டும். அடுத்த தடவை தப்பிக்க வழி தேடுகிறோம் என்று அதற்கு நினைப்பு, ஆனால் களைத்துப்போன மூளை இரண்டு மணிக்கு எந்த வழியையும் கண்டுபிடிக்காது, உங்களைத் திட்டத்தான் செய்யும். அந்த வேலையைப் பகலுக்கு மாற்றுங்கள். சாயங்காலம் ஒரு 20 நிமிஷம் ஒதுக்கி, ஒவ்வொரு கோலும் எப்படி வந்தது, யார் எங்கே நின்றார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பெனால்டி கார்னரில் உங்களோடு இன்னும் நான்கு பேர் நின்றிருப்பார்கள், கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் யாரோ செய்த தப்பில்தானே பெரும்பாலும் அந்தக் கார்னரே கிடைக்கும். ரீபவுண்டு என்றால் முதல் அடியை நீங்கள் தடுத்திருக்கிறீர்கள். அதை உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் காணோம். ஆபீஸ் நோட்டில் செலவை மட்டும் எழுதி வரவை விட்டால் ஒப்புக்கொள்வீர்களா? ஏழாவது கோல் உங்களுடையதுதான், சரி, அதை உங்கள் பேரிலேயே எழுதுங்கள். ராத்திரி முழிப்பு வந்தால், நோட்டில் இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள்.

1982 டெல்லி ஆசியப் போட்டி இறுதியில் பாகிஸ்தானிடம் இந்தியா 7-1 என்று தோற்றது. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நெகியைத் துரோகி என்றே பேசினார்கள், அந்தப் பேச்சுதான் மனிதரை ஹாக்கியை விட்டே ஒதுங்க வைத்தது. 1998-ல் பாங்காக்கில் இந்தியா தங்கம் ஜெயித்தபோது கோல்கீப்பர் பயிற்சியாளராகக் கூட இருந்தவர் அவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவிடம் அதே 7-1 வாங்கியபோது கோலில் நின்றவர் ஸ்ரீஜேஷ், பதினோரு நாள் கழித்து ஜெர்மனியின் கடைசி பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலம் கொண்டுவந்தவரும் அவரே.

உங்களுக்கும் கோலைவிட அந்த வேன் பேச்சுதான் உள்ளே தைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்த நண்பரைத் தனியாகப் பாருங்கள், போனில் வேண்டாம். "நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை" என்று அப்படியே சொல்லுங்கள். சென்டர் ஹாஃபைத் தாண்டித்தானே அத்தனை பந்தும் வந்திருக்கும், அவரும் தூங்கினாரோ என்னவோ.

மகன் விஷயம். உங்களை நினைத்து வெட்கப்பட்ட பிள்ளை அந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வருமா தம்பி? அவன் பேசாததற்கு நீங்களாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டீர்கள். அவனிடமே கேளுங்கள்.

இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள், இதற்கெல்லாமா டாக்டர் என்று யோசிக்க வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றினாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

விளையாட்டை விடுவதா வேண்டாமா என்று இந்த மாதம் முடிவெடுக்காதீர்கள். ஆனால் அந்தப் பையை இன்றைக்கே திறங்கள். டர்ஃப் தண்ணீரில் நனைந்த பேட், ஈரத்தோடு கட்டிவைத்தால் நாறிப்போகும். ஒரு பேடை நீங்கள் எடுங்கள், இன்னொன்றை மகன் தூக்கட்டும், திண்ணை நிழலில் சாய்த்து வையுங்கள்.