குளத்தின் எல்லையை எங்கே வரைவது?

குளத்திலுள்ள மீன், தவளை, பாசி என எல்லாவற்றையும் பட்டியலிட்டும் "இது சூழல் மண்டலம் ஆகாது" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார், எல்லை எங்கே முடிகிறது என்பதும் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உழைத்துத் தயாரித்ததைத் திருப்பித் தந்தால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆசிரியர் சொன்னது சரி. உயிரினங்களை மட்டும் சேர்த்தால் அது உயிரினச் சமுதாயம். அவற்றோடு நீர், சேறு, ஒளி, கரைந்த ஆக்சிஜன் எல்லாம் ஒரே அமைப்பாக இயங்குவதைத்தான் 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி சூழல் மண்டலம் என்றார்.

குளத்தில் விழும் ஓர் இலையைப் பின்தொடர்ந்து பாருங்கள். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை ஊறவைத்து மென்மையாக்கும். பூச்சிகளின் இளம்புழுக்கள் நரம்பை மட்டும் விட்டுவிட்டுத் தின்னும். இலையிலிருந்த பாஸ்பரஸ் நீரில் கரையும். பாசி அதை உறிஞ்சும். தலைப்பிரட்டை அந்தப் பாசியைச் சுரண்டித் தின்னும். சத்துகள் இப்படிச் சுற்றி வரும். ஆற்றல் அப்படியல்ல, ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும். உங்கள் பட்டியலில் விடுபட்டது இந்த ஓட்டம்தான்.

எல்லையை இயற்கை கோடு போட்டுத் தருவதில்லை; கேள்வியைப் பொறுத்து நாம்தான் வரைகிறோம். இரவில் ஆக்சிஜன் ஏன் குறைகிறது என்று கேட்டால் குளம் மட்டும் போதும். பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்றால், மழைநீர் வடிந்து வரும் நிலம் முழுவதும் உள்ளே வரும். கரையேறும் தவளையை 'வெளியேற்றம்' என்று குறித்துக்கொள்ளலாம்.

பட்டியலை வீசிவிடாதீர்கள். அதே பெயர்களுக்கு இடையே அம்புக்குறிகள் போட்டு, ஒவ்வொன்றின் மீதும் என்ன பாய்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.