கேசினோவில் அறையும் சாப்பாடும் இலவசமாகத் தருவது எப்படி?

கீழக்கரையிலிருந்து வேலைக்குச் சிங்கப்பூர் போகும் தம்பி, கேசினோ உறுப்பினர் அட்டை வாங்கினால் அறை, சாப்பாடு இலவசமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும், ஆனால் அது உங்கள் பணம்தான். அட்டையைக் காட்டியதும் எவ்வளவு கட்டுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆடுகிறீர்கள் என்று குறித்துக்கொள்வார்கள். அன்று நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதைவிட, கணக்குப்படி எவ்வளவு தோற்பீர்கள் என்பதே முக்கியம். ஒரே ஒரு பூஜ்யம் உள்ள எண் சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரூலெட் ஆட்டத்தில் சுற்றுக்கு 1,000 ரூபாய், மணிக்கு 40 சுற்று, 4 மணி நேரம் என்றால் மொத்தப் பந்தயம் 1,60,000. அதில் 2.7 சதவீதம், அதாவது 4,320 ரூபாய், சராசரியாகக் கேசினோவுக்குப் போகும். அதில் ஒரு பங்குதான் சாப்பாடாகவும் அறையாகவும் திரும்பி வரும்.

எனக்குக் கவலை தருவது அட்டையின் படிநிலைகள். இன்னும் கொஞ்சம் புள்ளி சேர்ந்தால் மேல்நிலை என்று சொல்லியே கூடுதல் நேரம் உட்கார வைத்துவிடுவார்கள். ஊருக்கு அனுப்ப வேண்டிய சம்பளம் அங்கேதான் கரையும். தயவுசெய்து அட்டையே வாங்காதீர்கள், தம்பி.