ஏற்றம் பிரச்சினையில்லை, இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

கேள்வி: மாசியில் சம்பா அறுவடை முடிந்த கையோடு, கும்பகோணத்திலிருந்து குடும்பத்துடன் காரில் கொல்லிமலை போய் இரண்டு இரவு கூடாரத்தில் தங்க நினைக்கிறோம். நான்கு வருடப் பெட்ரோல் கார், கியர் வண்டி, சமவெளியைத் தாண்டியதில்லை. 70 வளைவு ஏறுமா?

பதில்: தாராளமாக ஏறும். யோசிக்க வேண்டியது இறக்கத்தைத்தான். டெல்டாவில் மேம்பாலத்தை விட்டால் மேடே கிடையாது. உங்கள் பிரேக்குக்கு இதுவரை தொடர் வேலை வந்ததில்லை. மலையடிவாரத்திலுள்ள காரவள்ளி வரை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் பழுக்கச் சூடேறி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் புது ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது.

ஆகவே பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் கடந்திருந்தால், கிளம்பும் முன் முழுதாக மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது போதாது. டாட் 3-ஆ 4-ஆ என்பது பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே இருக்கும். பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் பக்கம் உண்டு. உப்புப் படிந்து ஏற்றத்தில் இன்ஜின் சூடாகும். சுத்தம் செய்து கூலன்ட் நிரப்புங்கள்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசி வளைவில் தேவைப்பட்டால் முதல் கியர். வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு மிதி மிதித்து விட்டுவிட வேண்டும். காலைப் பெடல்மேலேயே வைத்திருக்கக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் உயிருக்கே ஆபத்து. இன்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டர், பவர் ஸ்டீயரிங் இரண்டின் உதவியும் போய்விடும். கருகல் வாடை வந்தாலோ பெடல் மென்மையானாலோ அகலமான இடத்தில் நிறுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டு, முன்சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும். எதிரே ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும்.

வழி: தஞ்சாவூர், திருச்சி, முசிறி, தொட்டியம், நாமக்கல், காரவள்ளி, செம்மேடு, ஏறக்குறைய 240 கிலோமீட்டர். திருச்சி தாண்டித் தொட்டியம் வரை காவிரி கூடவே வரும், அழகான சாலை. விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் நாமக்கல். அங்கேயே டேங்கை நிரப்புங்கள். இருட்டிய பின் மலைச்சாலை வேண்டாம். (ஊட்டி, கொடைக்கானல் என்று மனம் மாறினால் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது கட்டாயம்.)

வனத்துறைக் காட்டில் அனுமதியின்றிக் கூடாரம் போடக் கூடாது. உரிமம் பெற்ற தங்குமிட வளாகத்தில் முன்பதிவு செய்யுங்கள். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி, ஓடைப் படுகை இரண்டையும் தவிர்த்து, லேசான சரிவுள்ள மேட்டைக் கேளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், பின்னிரவில் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். வீட்டுக் கோரைப்பாய் மட்டும் அதைத் தடுக்காது. அடியில் தார்ப்பாய், அதன்மேல் கூடாரம், உள்ளே பாய், அதற்குமேல் தடித்த ஜமுக்காளம் அல்லது ஃபோம் மெத்தை. தார்ப்பாய் கூடாரத்தை விட்டு வெளியே நீண்டால் பனிநீர் அதில் வடிந்து அடியில் தேங்கும், உள்ளே மடித்துவிடுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் மூடினால் மூச்சின் ஈரமே விடியலில் சொட்டும். மேல் திறப்பு திறந்தே இருக்கட்டும்.

நீங்கள் போவது மாசியில், சருகு காய்ந்து கிடக்கும் காலம். கேம்ப் ஃபயர் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்டது இதே பருவத்தில்தான். சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பு போதும். தரையில் சருகைக் கூட்டிவிட்டு, கூடாரத்துக்கு வெளியே பற்றவையுங்கள். கரி அடுப்பைக் குளிர்காய உள்ளே எடுத்துப் போனால், வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். மிச்சச் சாப்பாட்டை காருக்குள் பூட்டுங்கள். குரங்குகள் கூடாரத் துணியைக் கிழித்துவிடும்.