கையை இடுப்போடு சேர்த்துத் தைப்பது ஏன்?

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யா பக்கம், தகடு அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் கை நசுங்கிய சிலருக்கு, கையை அடிவயிற்றின் ஓரமாக இடுப்போடு தைத்துவிடுவார்கள். பார்க்கிற உறவினர்கள் பதறிப்போய்க் கேட்கும் கேள்வி இது.

ஒரு முனை இடுப்பிலேயே இருக்க, மறுமுனையைக் கைக்காயத்தின் மேல் தைக்கிறார்களே, அதன் பெயர் ஃபிளாப்: தோலும் கொழுப்பும் அதற்கு ரத்தம் தரும் குழாயுமாகச் சேர்ந்த ஒரு மடல். தொடையில் சீவி ஒட்டும் மெல்லிய தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. கீழே இருக்கும் சதையிலிருந்துதான் அது உறிஞ்ச வேண்டும். எலும்பும் தசைநாணும் வெறுமையாகத் தெரியும் இடத்தில் உறிஞ்ச என்ன இருக்கிறது? கருகிவிடும்.

மல்லிகைக்குப் பதியன் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வேர் பிடிக்கும்வரை கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டமாட்டோம். இங்கேயும் அப்படித்தான். கையிலிருந்து புது ரத்தக்குழாய்கள் மடலுக்குள் வளர ஏறத்தாழ 3 வாரம் ஆகும். பிறகே இடுப்பிலிருந்து பிரிப்பார்கள்.

அதுவரை தூக்கத்தில் கை இழுபடக் கூடாது, மடலை இடுப்போடு இணைக்கும் காம்பு முறுக்கிக்கொள்ளக் கூடாது. மடல் வெளுத்தால் ரத்தம் வரவில்லை. ஊதா நிறமானால் வந்த ரத்தம் வடியவில்லை. இரண்டுக்கும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம். பீடி, சிகரெட் அறவே கூடாது, குழாய்கள் சுருங்கிவிடும். டாக்டர் அனுமதிக்கும் விரல்களையும் தோளையும் தினமும் அசைக்காவிட்டால் இறுகிப்போகும்.

மடல் ஒட்டியதும் விரல் மடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மடல் வெறும் போர்வைதான், அறுந்த தசைநாணுக்கும் நரம்புக்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும்.